மெயிலில் வரும் ஃபைல்களை டிரைவில் சேமித்தும் இடம் காலியாகவில்லை, என்ன செய்யலாம்?

நூல்கண்டு கேட்டது:

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர், அதாவது பையர் தரும் ஆர்டரை முடியும் வரை கவனிக்கும் ஆள். சின்ன யூனிட், தனி டொமைன் மெயில் எல்லாம் கிடையாது. ஆறு வருடமாக ஒரே இலவச ஜிமெயில் ஐடியில்தான் பையர், ஏஜென்ட், பிரின்டிங், லேபிள், லேப் எல்லோருடனும் பேச்சு. ஒரு ஸ்டைலுக்கு டெக் பேக் (உடையின் முழு விவரக் குறிப்பு), மெஷர்மென்ட் சார்ட், ஆர்ட்வொர்க், பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), டெஸ்ட் ரிப்போர்ட், பேக்கிங் லிஸ்ட் என்று முப்பது நாற்பது ஃபைல் வந்துவிடும், அதில் பாதி திருத்தித் திருத்தி மறுபடி வருபவை.

போன வாரம் பையர் அனுப்பிய திருத்திய பிஓ எனக்கு வரவே இல்லை. 15 ஜிபி நிரம்பிவிட்டதால் அவருக்கே திரும்பிப் போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்து ஏஜென்ட் போனில் "இன்னும் ஏன் கன்ஃபர்ம் பண்ணலை" என்று கேட்டபோதுதான் தெரிந்தது, அதற்குள் பழைய சைஸ் ரேஷியோபடி கட்டிங் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கலர் வெட்டியதோடு நிறுத்த முடிந்தது.

மூன்று மாதமாக ஒவ்வொரு அட்டாச்மென்ட் மேலும் வரும் அந்த டிரைவ் குறியை அழுத்தி அழுத்திச் சேமித்துக்கொண்டுதான் இருந்தேன். டிரைவுக்குப் போய்விட்டால் மெயிலில் இடம் விடும் என்று நினைத்தேன். குறையவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. ஏன் இப்படி?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு மாதம் முன்பு ஒரு ஆர்டருக்கு வாஷ்கேர் லேபிள் 4,200 அடித்து வந்தது. பிரித்துப் பார்த்தால் 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன் என்று இருக்கிறது. துணி முழு காட்டன். பையர் திருத்தி அனுப்பிய ஆர்ட்வொர்க் டிரைவில் இருந்தது, பழையதும் அதே ஃபோல்டரில் அதே பெயரில் இருந்தது, நான் அவசரத்தில் பழையதை அனுப்பியிருக்கிறேன். அத்தனை லேபிளையும் தூக்கிப் போட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. இது மறுபடி நடக்கக் கூடாது. நீங்கள் எல்லாம் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

சர்வர் அறை எழுதியது:

முதலில் உங்கள் முக்கியமான சந்தேகம். அந்த டிரைவ் குறியை அழுத்தினால் ஃபைல் மெயிலிலிருந்து நகர்வதில்லைங்க, ஒரு நகல் எடுத்து டிரைவில் வைக்கிறது, அவ்வளவுதான். மெயிலில் இருப்பது மெயிலிலேயே இருக்கும். ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜிபி. ஆக ஒரு ஃபைலைச் சேமித்தால் ஒரே பையிலிருந்து இரண்டு தடவை இடம் எடுக்கிறீர்கள். மூன்று மாதம் உழைத்து நீங்களே வேகமாக நிரப்பியிருக்கிறீர்கள், அது உங்கள் தவறு இல்லை, அந்தக் குறி சொல்லும் விதமே அப்படி நினைக்க வைக்கும்.

அட்டாச்மென்டை மட்டும் எடுத்துவிட்டு மெயிலை வைத்துக்கொள்ள ஜிமெயிலில் வழி கிடையாது. மெயிலோடு சேர்த்துத்தான் அழிக்க முடியும். தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் இணைப்பை மட்டும் பிரிக்கலாம்தான், ஆனால் ஜிமெயிலோடு அதைச் செய்தால் பழைய மெயில் ஆல் மெயிலில் அப்படியே தங்கிவிடுவதும் உண்டு, புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை.

இன்றைக்கே இடம் வேண்டும் என்றால் தேடும் இடத்தில் லார்ஜர் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, 10எம் என்று போடுங்கள். 10 எம்பிக்கு மேல் உள்ள மெயில்கள் மட்டும் வரும். முதலில் சென்ட் மெயிலைப் பாருங்கள். நீங்கள் டெக் பேக்கை பிரின்டிங்குக்கு ஒரு தடவை, லேபிளுக்கு ஒரு தடவை, சாம்பிளிங்குக்கு ஒரு தடவை என்று ஃபார்வர்ட் செய்திருப்பீர்கள், ஒவ்வொரு ஃபார்வர்டும் முழு ஃபைலோடு தனி மெயிலாக உட்கார்ந்திருக்கும். அதோடு, மெயிலில் போகும்போது எந்த ஃபைலும் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டுத்தான் போகும், அதில் மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். 18 எம்பி ஃபைல் 24 எம்பி மெயில் ஆகிவிடும். 25 எம்பி வரை அனுப்பலாம் என்று போட்டிருந்தும் 20 எம்பியிலேயே தடுமாறுவது இதனால்தான்.

அழித்த பிறகு டிராஷையும் காலி செய்யுங்கள். நீங்கள் செய்யாவிட்டால் 30 நாள் அங்கேயே இருந்துதான் தானாகப் போகும், அதுவரை கணக்கில் வரும்.

அப்புறம் ஒரு கேள்வி: உங்கள் போனும் இதே ஐடியில்தானா? ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து எது எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நூல்கண்டு:

ரொம்ப நன்றிங்க. இப்போது பார்த்தேன். ஜிமெயில் 7.1, டிரைவ் 3.6, போட்டோஸ் 2.4, மீதி 1.9 பேக்கப் என்று காட்டுகிறது. போன் இதே ஐடிதான், சாம்பிள் போட்டோ எல்லாம் அதில்தான் எடுப்பேன். அந்த பேக்கப் என்ன?

சர்வர் அறை:

வாட்ஸ்அப். முன்பு ஆண்ட்ராய்டில் அந்த பேக்கப் கணக்கில் வராமல் இருந்தது, 2024 தொடக்கத்திலிருந்து அதுவும் உங்கள் 15 ஜிபியில் சேர்ந்துவிட்டது. போட்டோஸும் அப்படித்தான், 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏறிய படங்கள் எல்லாம் கணக்கு. போனை உங்கள் சொந்த ஐடிக்கு மாற்றுங்கள், போட்டோக்களையும் வாட்ஸ்அப் பேக்கப்பையும் அந்த ஐடிக்கு மாற்றிவிட்டு, இந்த ஐடியில் உள்ள பழையவற்றை அழியுங்கள். ஒரு மெயில்கூடத் தொடாமல் நாலு ஜிபிக்கு மேல் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருபது வருடமாக ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கிறேன், ஈரோடு. அம்மா, மேலே தம்பி சொன்னது சரி, ஆனால் பெரிய மெயிலாகப் பார்த்து அழிக்கும் முன் ஒரு நிமிடம். எதை அழிக்கிறீர்கள் என்று தெரிந்து அழியுங்கள்.

ஜிஎஸ்டி சட்டத்தில் 36ஆவது பிரிவு இருக்கிறது. கணக்கும் அதற்கான ஆவணங்களும் அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் இருக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ நடந்தால் இன்னும் நீளும். இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான பேங்க் ரியலைசேஷன் சர்ட்டிபிகேட் இதெல்லாம் மெயிலில் மட்டுமே இருந்து நீங்கள் அழித்துவிட்டால், ரீஃபண்டில் ஒரு கேள்வி வரும்போது கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் போய் நிற்க வேண்டும், அவர் பழையதை வைத்திருப்பார் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, ஃபைல் மட்டும் போதாது. எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் பையர் டிஸ்கவுன்ட் கேட்டார், "ஷேடு நாங்கள் அப்ரூவ் செய்யவில்லை" என்று. அப்ரூவ் செய்த படம் இவர்களிடம் இருந்தது, டிரைவில் அழகாகச் சேமித்து வைத்திருந்தார்கள். ஆனால் யார், எந்தத் தேதியில், என்ன வார்த்தை எழுதி அனுப்பினார் என்பது மெயிலில்தானே இருக்கும். மெயிலை இடம் வேண்டும் என்று அழித்துவிட்டார்கள். பேச்சு நீண்டு கடைசியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் முடித்தார்கள்.

அதனால் பிஓ, அப்ரூவல், விலை ஒப்புக்கொண்டது, டெலிவரி தேதி மாற்றியது இந்த நாலு வகை மெயிலையும் மெயிலாகவே எடுத்து வையுங்கள். மெயிலைத் திறந்தால் வலது பக்கம் மூன்று புள்ளி இருக்கும், அதில் டவுன்லோட் மெசேஜ் என்று வரும். அழுத்தினால் இஎம்எல் என்ற முடிவோடு ஒரே ஃபைலாக இறங்கும், உள்ளே அனுப்பியவர், நேரம், வாசகம், அட்டாச்மென்ட் எல்லாம் இருக்கும். அதை அந்த ஆர்டர் ஃபோல்டரில் போட்டுவிட்டால் பிறகு மெயில்பாக்ஸில் அழித்தாலும் பயமில்லை.

மூன்றாவதுதான் நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்வது. அந்த டிரைவ் யாருடையது? உங்கள் பெயரில் உள்ள ஐடியா, கம்பெனி பெயரிலா? ஒருவருடைய டிரைவ் ஃபோல்டரை மற்றவருக்குப் பகிர்ந்து, அதில் அவர் ஃபைல் ஏற்றினாலும், ஃபைல் ஏற்றியவருக்குத்தான் சொந்தம். அவர் வேலையை விட்டுப்போய்த் தன் ஐடியை மூடினால் அவர் ஏற்றியதும் போய்விடும். ஒரு மெர்ச்சன்டைசர் கல்யாணமாகி வேறு ஊர் போனார், யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, பழைய ஐடி எதற்கு என்று அழித்தார், இரண்டு சீசன் டெக் பேக் காணாமல் போயிற்று. காசு கொடுத்து வாங்கும் ஒர்க்ஸ்பேஸில் ஷேர்டு டிரைவ் என்று இருக்கிறது, அதில் போட்டால் ஃபைல் கம்பெனிக்குச் சொந்தம், ஆள் போனாலும் இருக்கும். எல்லாத் திட்டத்திலும் அது வராது, வாங்கும் முன் கேளுங்கள். அது வேண்டாம் என்றால் முதலாளி போன் நம்பரில் கம்பெனி பெயரில் ஒரு ஐடி திறந்து, சேமிப்பதெல்லாம் அந்த ஐடியில் நுழைந்தே செய்யுங்கள்.

நூல்கண்டு:

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் என் பெயரில்தான் இருக்கிறது. முதலாளியிடம் நாளைக்கே பேசுகிறேன். ஐடி மாற்றினால் ஏற்கெனவே டிரைவில் இருப்பதை என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:

உங்கள் ஐடியிலிருந்து ஓனர்ஷிப்பை கம்பெனி ஐடிக்கு மாற்றலாம், அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்டால் போதும். ஆனால் ஆறு வருடக் குப்பையையும் சேர்த்து மாற்றாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களை மட்டும் மாற்றுங்கள், மீதியைக் கணினியில் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க் எப்படியும் வேண்டும். டிரைவைக் கணினியோடு இணைத்து வைத்திருப்பவர்கள் அதையே பேக்கப் என்று நினைக்கிறார்கள், இங்கே ஒருவர் அழித்தால் அங்கேயும் அழியும்.

கலர் டப்பா எழுதியது:

அக்கா, நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம். பிரின்டிங் யூனிட், பெருமாநல்லூர் ரோடு. உங்களைப் போல இருபது மெர்ச்சன்டைசர் அனுப்புவதை வாங்குகிற ஆள். லேபிள் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அதே தப்பு எங்கள் டேபிளில்தான் பாதி நடக்கிறது.

எனக்கு வரும் ஃபைல் பெயர்களைப் பாருங்கள்: ஆர்ட்வொர்க் பைனல், ஆர்ட்வொர்க் பைனல் 2, ஆர்ட்வொர்க் பைனல் கரெக்டட், நியூ பைனல். ஸ்கிரீன் போடுகிற அண்ணனுக்கு இதில் எது கடைசி என்று எப்படித் தெரியும்? மெயில் வந்த நேரம் பார்த்து எடுக்கிறோம். ஒருவர் பழையதைத் தப்பாக இன்றைக்கு ஃபார்வர்ட் செய்தால் அதுதான் புதியது ஆகிவிடுகிறது.

எங்களுக்கு ஒழுங்காக அனுப்பும் ஒரு அக்கா இருக்கிறார். ஃபைல் பெயர் தேதியில்தான் ஆரம்பிக்கும், வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள். 20250314 என்று. அப்புறம் ஸ்டைல் நம்பர், அப்புறம் என்ன ஃபைல், கடைசியில் வி1, வி2. இப்படி இருந்தால் பெயர் வரிசையில் அடுக்கினாலே கடைசியாக வந்தது கடைசியில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் இந்த வரிசை வராது. முக்கியமானது, புதியது வந்தவுடன் பழையதை அந்த ஃபோல்டரில் விடமாட்டார், உள்ளேயே பழையது என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் தள்ளிவிடுவார். வெளியே எப்போதும் ஒரே ஒரு ஆர்ட்வொர்க்தான் இருக்கும். தேடி எடுக்க இரண்டு இருந்தால்தானே தப்பை எடுப்போம்.

டிரைவ் ஒரே பெயரில் இரண்டு ஃபைலை ஒரே ஃபோல்டரில் விடும் அக்கா, கம்ப்யூட்டர் மாதிரி தடுக்காது. உங்களுக்கு நடந்தது அதுதான்.

அவர் எங்களுக்கு ஃபைலை அனுப்புவதும் இல்லை, அந்த ஃபோல்டருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். திருத்தம் வந்தால் "பாருங்க, மாறியிருக்கு" என்று ஒரு வாட்ஸ்அப். எங்களுக்கு மெயில் நிரம்பாது, அவருக்கும் சென்ட் மெயில் நிரம்பாது. ஒரே ஒரு வேண்டுகோள், அனுமதியை எங்கள் யூனிட் ஐடிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீனில் டிசைனைப் பதிக்கும் எக்ஸ்போஷர் போட நிற்கும்போது, அனுமதி கேளுங்கள் என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்தால் அந்த ஷிப்ட் முழுக்க நிற்கும்.

தறிச்சத்தம் எழுதியது:

கரூரில் ஹோம் டெக்ஸ்டைல், நானும் மெர்ச்சன்டைசர்தான், கூடவே கொஞ்சம் கோடிங் தெரியும். கையால் சேமிப்பதை நான் விட்டுவிட்டேன். கூகுளிலேயே ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது, நாம் எழுதும் சின்ன நிரலைத் தானாக ஓட்டும் வசதி, இலவசம். ஜிமெயிலில் ஒரு லேபிள் வைத்திருக்கிறேன், டிரைவுக்கு என்று. எந்த மெயிலில் சேமிக்க வேண்டிய ஃபைல் இருக்கிறதோ அதற்கு அந்த லேபிளை ஒட்டுவேன், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்கிரிப்ட் ஓடி, ஃபைலை எடுத்து, முன்னால் தேதி சேர்த்து, சேர வேண்டிய ஃபோல்டரில் போட்டுவிட்டு லேபிளைக் கழற்றிவிடும்.

எழுதும்போது எனக்கு மூன்று இடத்தில் இடித்தது. மெயிலுக்குக் கீழே பையர்கள் வைக்கும் கம்பெனி லோகோ, அதுவும் ஒரு அட்டாச்மென்டாக வந்து டிரைவில் நூற்றுக்கணக்கில் குவிந்தது, உள்ளே பதிந்த படங்களை விட்டுவிடு என்று ஸ்கிரிப்டில் சொல்ல ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். அடுத்தது, ஆப்ஸ் ஸ்கிரிப்டின் சாதாரண ஜிமெயில் கட்டளைகளில் லேபிளை ஒரு மெயிலுக்கு என்று ஒட்டவோ கழற்றவோ முடியாது, முழு உரையாடலுக்கும்தான், அதனால் அதே உரையாடலில் புதிய பதில் வந்து மறுபடி லேபிள் ஒட்டினால் பழைய ஃபைல்களும் இரண்டாம் தடவை இறங்கும். எடுத்து முடித்த மெயில்களின் எண்ணை ஒரு ஷீட்டில் எழுதி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, ஒரு ஓட்டம் 6 நிமிடத்துக்கு மேல் போனால் பாதியில் நின்றுவிடும், ஆறு வருட மெயிலை ஒரே தடவையில் கொடுக்காதீர்கள்.

கோடிங் வேண்டாம் என்று வெளியே கிடைக்கும் ஆட் ஆன் (ஜிமெயிலோடு சேரும் துணை மென்பொருள்) போடுபவர்கள், அது என்ன அனுமதி கேட்கிறது என்று நின்று படியுங்கள். பலதும் உங்கள் மெயில் முழுவதையும் படிக்க, அழிக்க அனுமதி கேட்கும். பையர் விலையும் பேங்க் விவரமும் உள்ள மெயில்பாக்ஸ் அது.

பேங்க் என்றதும் ஞாபகம் வருகிறது. தானாகச் சேமிக்க விட்டாலும் எல்லா மெயிலுக்கும் விடாதீர்கள். "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, புதிய ப்ரோஃபார்மா இணைத்துள்ளோம்" என்று சப்ளையர் பெயரிலேயே, மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறி மோசடி மெயில் வரும். அது டிரைவில் ஒழுங்கான ஃபோல்டரில், ஒழுங்கான பெயரில் உட்கார்ந்துவிட்டால் பிறகு அக்கவுன்ட்ஸில் எடுப்பவர் சந்தேகப்படவே மாட்டார். லேபிள் ஒட்டும் வேலையை மட்டும் நான் இன்னும் கண்ணால் பார்த்துத்தான் செய்கிறேன்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளில் செய்ததைச் சொல்கிறேன். போனை மாற்றினேன், வாட்ஸ்அப் பேக்கப் போயிற்று. சென்ட் மெயிலில் 10 எம்பிக்கு மேல் என்று தேடியபோது 140 மெயிலுக்கு மேல் வந்தது, ஒரே டெக் பேக்கை ஒன்பது தடவை ஃபார்வர்ட் செய்திருக்கிறேன். டிராஷ் காலி செய்து இப்போது 8.2 ஜிபியில் நிற்கிறது. பையரை மறுபடி அனுப்பச் சொன்னேன், பிஓ வந்துவிட்டது. முதலாளி கம்பெனி பெயரில் ஐடி திறந்து 100 ஜிபி வாங்கச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். இங்கிலாந்து பையர் ஒருவர் ஃபைலாக அனுப்பாமல் லிங்க்காக அனுப்புகிறார். அதையும் நான் சேமிக்க வேண்டுமா, இல்லை மெயில் இருந்தால் போதுமா?

சர்வர் அறை:

கட்டாயம் சேமியுங்கள், அதுவும் வந்த அன்றைக்கே. லிங்க் என்றால் ஃபைல் அவர் இடத்தில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. அவர் அழித்தாலோ மாற்றிவிட்டாலோ உங்களுக்கும் அதுதான். ஆப்பிள் மெயிலிலிருந்து பெரிய ஃபைல் அனுப்பினால் மெயில் டிராப் என்று வரும், அது 30 நாளில் காலாவதி. மற்ற அனுப்பும் தளங்கள் சில நாளிலேயே மூடிவிடும். கூகுள் டிரைவ் லிங்க்காக இருந்தால் ஷார்ட்கட் சேர்ப்பது போதாது, அது வெறும் வழிகாட்டிப் பலகை, மேக் எ காப்பி கொடுத்துக் கம்பெனி டிரைவில் உங்கள் நகலை வையுங்கள். பெயரில் தேதி போட மறக்காதீர்கள், லிங்க்கில் உள்ள ஃபைலை அவர் சொல்லாமல் மாற்றினாலும் 14ஆம் தேதி என்ன இருந்தது என்று உங்களால் காட்ட முடியும்.

கலர் டப்பா:

அக்கா, ஃபோல்டர் ரெடியானதும் எங்கள் மாதிரி யூனிட்களுக்கு அனுமதி கொடுக்கும்போது ஸ்டைல் ஃபோல்டருக்கு மட்டும் கொடுங்கள், மேலே உள்ள பையர் ஃபோல்டருக்குக் கொடுத்துவிட்டால் உங்கள் விலை ஷீட்டும் எங்களுக்குத் தெரியும். போன மாதம் ஒருவர் அப்படிக் கொடுத்திருந்தார், நான் போன் பண்ணி எடுக்கச் சொன்னேன்.